கூரைக்குக் கீழே எத்தனை குடும்பம்?

ஒரு காலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குளவிக்கூடு கலைந்தது போல மேலே ஓர் இரைச்சல். கொழுந்து மலையில் குளவி கொட்டி எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்கும். பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. "டீச்சர், ட்ரோன் கமரா!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். யார் வீட்டுக் கலியாணம் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கலியாணம் எதுவும் இல்லை. அது லயத்துக் கூரைகளின் மேல் போனது, திரும்பியது, வயல் உழுகிற மாடு போல வரிசை வரிசையாகப் போய்வந்தது. பீலிக்கரையின் மேலும் போனது. அங்கே குளித்துக்கொண்டிருந்த பெண்கள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் விசாரித்தோம். கணக்கப்பிள்ளைக்குத் தெரியவில்லை. ஒப்பீசில் கேட்டால், "மேலிடத்துச் சர்வே" என்ற இரண்டே சொல். எந்த மேலிடம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சில வாரங்கள் கழித்து ஒரு தாள் கைக்குக் கிடைத்தது. டிவிசன் முழுவதையும் வானிலிருந்து எடுத்த படம். ஒவ்வொரு கூரைக்கும் ஓர் இலக்கம், ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு. கீழ் லயத்துக்கு நேரே "கட்டிடம் ஒன்று, பாதிப்பு இல்லை" என்று இருந்தது.

அந்த ஒரு கட்டிடத்துக்குள் பன்னிரண்டு காம்பிரா. பன்னிரண்டு காம்பிராவுக்குள் பத்தொன்பது குடும்பம். மகன் கட்டியவுடன் இஸ்தோப்பை அடைத்துக் குடியிருக்கிற வீடுகள், குசினியை இரண்டாகப் பிரித்துக்கொண்ட வீடுகள் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. டித்வா புயல் மழையில் அந்த லயத்தின் பின்பக்க மண்திட்டு வெடித்து, ஆறு காம்பிராக்களின் தரை பிளந்து, இரண்டு வீட்டில் கதவு சாத்த முடியாமல் நிற்கிறது. ஆனால் தகரக் கூரை அசையவில்லை. மேலிருந்து பார்த்தவனுக்கு அது முழு லயம்.

கடைசிக் காம்பிராவில் இருக்கும் பாட்டி அந்தத் தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "கூர தெரியுது டீச்சர், என் அடுப்பு எங்க?" என்று கேட்டார். இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சங்கம் ட்ரோனுக்கு எதிரி அல்ல. வானிலிருந்து எடுக்கும் படம் நமக்கு வேண்டும், இன்னும் சொன்னால் மற்ற எவரையும் விட நமக்குத்தான் அதிகம் வேண்டும். மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் நாம். நம் காலுக்குக் கீழே இருக்கிற மண் அசைகிறதா என்பதை நின்ற இடத்திலிருந்து பார்க்க முடியாது. பழைய சரிவு ஒன்று புல்லும் தேயிலையும் மூடிக் கிடந்தால், பக்கத்தில் நிற்கிறவன் கண்ணுக்கு அது ஒரு பள்ளம். மேலிருந்து பார்த்தால் மலையே ஒரு காலத்தில் வாய்திறந்து கொட்டிய தழும்பு தெரியும்.

இது புதிய வித்தையும் அல்ல. 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு இந்த நாடு விமானத்திலிருந்து படமெடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படங்கள். விமானம் நேர்கோட்டில் பறக்கும்போது ஒரு படத்தின் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் விழும்படி எடுப்பார்கள். அப்படியான இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதற்கென்று இருக்கிற இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மலை எழும்பி நிற்கும், பள்ளம் இறங்கி நிற்கும். நம் இரண்டு கண்கள் சேர்ந்து ஆழம் பார்ப்பது போலத்தான். 1990இல் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கத் தொடங்கியபோது இத்தகைய வான்படங்களும் அதற்குப் பயன்பட்டன. எந்தச் சரிவு ஆபத்து, எது தாங்கும் என்று நிறம் தீட்டிய வரைபடங்கள் இந்த நாட்டில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கின்றன.

இருந்தும் மீரியபெத்த நடந்தது. 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். கொஸ்லந்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்து, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தெரியாமல் போய் நடந்த விபத்து அல்ல அது. தெரிந்தவர்களிடமிருந்த தாள், தெரிய வேண்டியவர்களின் வீட்டுக் கதவுக்கு வரவில்லை. வந்ததும் கூட, போவதற்கு ஒரு துண்டுக் காணியோடு வரவில்லை. "எழும்பிப் போ" என்பது எச்சரிக்கை அல்ல தோழர்களே, எங்கே போவது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது எச்சரிக்கை. தப்பியவர்கள் அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடங்கள் தற்காலிக முகாம்களில் காத்திருந்தார்கள்.

மீரியபெத்தையில் வரைபடம் இருந்தது, பேச்சு இல்லை. இப்போது நடப்பதில் படம் இருக்கிறது, ஆள் இல்லை. இரண்டும் ஒரே நோய்தான்.

2025 நவம்பர் 28 டித்வா கரையைத் தொட்ட நாளிலிருந்து மலைநாட்டில் எத்தனை இடம் சரிந்தது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் மாண்டார்கள். பாதை இல்லை, மின்சாரம் இல்லை, போன் இல்லை. நடந்து போக முடியாத தோட்டங்களை மேலிருந்துதான் பார்க்க முடிந்தது. அப்படியொரு நேரத்தில் செய்மதிப் படமும் ட்ரோன் படமும் உயிர் காக்கிற கருவி. அதை யாரும் மறுக்க மாட்டோம். கேள்வி அதன் பிறகு எழுகிறது. தேடுவதற்கு எடுத்த படம் நாளைக்கு நட்டஈட்டுக் கணக்குக்கு ஆதாரமாகிறது. நட்டஈட்டுக்கு எடுத்த படம் நாளன்றைக்குக் காணி அளவுக்கும், "அனுமதியில்லாமல் கட்டியது" என்று குறிப்பதற்கும் ஆதாரமாகிறது. படம் ஒன்றுதான். மேசை மாற மாற அது சொல்கிற கதை மாறும்.

ஆகவே இந்தப் படம் எப்படி உண்டாகிறது, அதில் எது விழும், எது விழாது என்பதை ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் வகுப்பறை வாடை அடித்தால் மன்னியுங்கள், பழக்க தோஷம்.

ட்ரோன் ஒரே படமாக எடுப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்று விழும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. கம்பியூட்டர் அவற்றை ஒட்டுப்போட்டு ஒரே பெரிய படமாகத் தைக்கிறது. தைக்கும்போது மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி திருத்தம் செய்ய வேண்டும். தரையில் சில இடங்களில் அடையாளம் வைத்து, அந்த இடங்களின் சரியான அளவை நில அளவையாளர் எடுத்துக் கொடுத்தால், படத்தில் சில சென்றிமீற்றர் துல்லியத்துக்கு அளக்கலாம். அந்த வேலை செய்யாமல் வெறும் படத்தை வைத்து அளந்தால், கமராவுக்குக் கிட்டத்தில் இருக்கிற மேட்டுக் காணி பெரிதாகவும் தூரத்தில் இருக்கிற பள்ளத்துக் காணி சிறிதாகவும் தெரியும். சமவெளியில் இது பெரிய விடயமல்ல. நம் ஊரில் ஒரு லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் இடையில் நூறு படி இருக்கிறது. யாராவது படத்தைக் காட்டி "உங்கள் வீட்டுத் தோட்டம் இவ்வளவுதான்" என்றால், திருத்திய படமா, தரையில் அடையாளம் வைத்தீர்களா, அளவையாளர் ஒப்பமிட்ட வரைபடம் எங்கே என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, கேட்கிறவர் படித்தவரா என்பது அவர்களுக்குத் தேவையும் இல்லை.

இன்னொன்று, பேர்ச்சஸ் கணக்கு. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. பத்து பேர்ச் என்றால் ஏறக்குறைய 2,722 சதுர அடி. காணியை அளப்பது சரிவின் மேல் நாடா போட்டு அல்ல, மேலிருந்து பார்த்தால் எவ்வளவு பரப்போ அதுதான் சட்டக் கணக்கு. உலகம் முழுக்க அப்படித்தான், அதில் மோசடி இல்லை. ஆனால் படத்தில் அழகான சதுரமாகத் தெரிகிற பத்து பேர்ச்சில் பாதி, வெட்டி நிறுத்திய மண்சுவராகவும் மறுபாதி ஓடைக்கரையாகவும் இருக்கலாம். வீடு கட்டுவது படத்தில் அல்ல, சரிவில். ஆகையால் காணித் துண்டு பிரிக்கும்போது படத்தைப் பார்த்து ஒப்பம் வைக்காதீர்கள். போய் நின்று பாருங்கள். மழை நாளில் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.

இனி, படத்தில் விழாதவை. நிழல் மரத்துக்குக் கீழே இருக்கிற மாட்டுக்கொட்டில் விழாது. லயத்தின் கூரை நீட்டத்துக்குள் போட்ட குசினி விழாது. தேயிலைச் செடி அடர்ந்த மலையில் நிலவெடிப்பு ஓடினால், அதைச் செடியின் தலை மறைத்துவிடும். கொழுந்து எடுக்கிற பெண்தான் முதலில் கால் இடறி அதைக் கண்டுபிடிப்பாள். பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது, காலாகாலமாக ஓடிய ஊற்று நின்றுபோவது, புதிய இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, மரம் சாய்வது, சுவர் வெடிப்பது என்று மண்சரிவின் அறிகுறிகளாக அதிகாரிகளே சொல்லித்தருகிற பட்டியலில் பாதி, வானத்திலிருந்து தெரியாது. அதைச் சொல்ல ஆள் வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தைக் கீழே இருப்பவர்களிடம் காட்டிச் சரிபார்க்காத மதிப்பீடு பாதி மதிப்பீடு, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, படத்தில் பெயர் விழாது. தோட்டக் காணியின் கதையே அதுதானே. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இலிருந்து கம்பனிகளின் நிர்வாகத்துக்கும் பிறகு நீண்ட காலக் குத்தகைக்கும் போயின. ஒவ்வொரு முறையும் ஏக்கர் எழுதினார்கள், செடி எழுதினார்கள், தொழிற்சாலை, பங்களா, லயம் எழுதினார்கள். லயத்துக்குள் இருந்தவர்கள் சொத்தின் பக்கத்தில் வரவேயில்லை, செக்ரோலில்தான் வந்தார்கள். தோட்ட ஒப்பீஸ் சுவரில் தொங்குகிற பழைய வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். நம்பர் மலை எல்லாம் இருக்கும். லயம் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டின் இடத்தில் இப்போது வண்ணப் படம் வந்திருக்கிறது. கோட்டுக்குள் பெயர் இல்லாதது போலவே படத்துக்குள்ளும் பெயர் இல்லை.

நம் ஆட்கள் காணி அளக்க வந்தாலே கலவரப்படுகிறார்கள், எதற்கெடுத்தாலும் சந்தேகம் என்று சில உத்தியோகத்தர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பிரிக்கப் போகிறார்கள் என்றபோது தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார். ஒவ்வொரு மே மாதமும் நாம் அவரை நினைக்கிறோம். அந்தக் காலத்தில் காணியை எடுப்பவன் சங்கிலியும் முளைக்கட்டையும் கொண்டு நேரே வர வேண்டும். வந்தால் பார்க்கலாம், கேட்கலாம், மறிக்கலாம். இப்போது மண்ணை மிதிக்காமலே அளக்கலாம். மறிப்பதற்கு ஆள் இல்லை. கெட்டப்போலால் அடித்து விழுத்தலாமா என்று எங்கள் தோட்டத்து இளவட்டம் ஒருவன் என்னிடம் கேட்டான். வேண்டாம் தம்பி. அடித்து விழுத்தினால் பொலிஸ் பதிவில் உன் பெயர் விழும், படத்தில் உன் லயம் அப்படியே இருக்கும்.

அப்படியென்றால் என்ன செய்வது? கடலுக்கு அப்பால் ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 24 தொடங்கிய ஸ்வாமித்வா என்ற திட்டம், கிராமங்களில் வீடு இருக்கிற காணிகளை ட்ரோனால் படமெடுத்து, குடியிருப்பவர்களுக்குச் சொத்து அட்டை கொடுக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது ட்ரோன் அல்ல, அது பறப்பதற்கு முன் நடக்கிற வேலை. கிராமத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, கூட்டம் போட்டு, எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு எல்லையிலும் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் பார்த்துக்கொண்டு நிற்பான். தகராறு இருந்தால் அங்கேயே வாய்ச்சண்டை நடக்கும், நடக்கட்டும். அதற்குப் பிறகுதான் ட்ரோன் பறக்கும். படத்தில் அந்த வெள்ளைக் கோடு விழும். வரைபடம் தயாரானதும் ஆட்சேபம் சொல்ல அவகாசம் உண்டு. திட்டத்தில் குறை இல்லையென்று நான் சொல்லவில்லை. அது கிராமத்து வீட்டுக்காரர்களுக்கானது; கம்பனி லயத்தில் இருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்புக் கோட்டை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மூடை சுண்ணாம்பில் ஒரு டிவிசனே கோடு போட்டு முடிக்கலாம்.

கேரளத்து உதாரணமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே செத்தவர்கள் நம் சொந்தங்கள் போன்றவர்கள். மூணாறு பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6 இரவு தேயிலைத் தோட்ட லயங்களின் மேல் மலை விழுந்தது. 70 பேர். பெரும்பாலும் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள். நான்கு வருடம் கழித்து, 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. சரிவு வாரிய பரப்பு ஏறக்குறைய 86,000 சதுர மீற்றர் என்று இந்திய விண்வெளி நிறுவனம் சில நாட்களில் செய்மதிப் படத்தோடு அறிவித்தது. முன்னால் எடுத்த படம், பின்னால் எடுத்த படம் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்த வீடு போயிற்று என்று விரல் வைத்துச் சொல்லலாம். ஆனால் எந்த மனிதர்கள் போனார்கள் என்பதை அந்தப் படம் சொல்லவில்லை. குடும்ப அட்டைகளையும் வாக்காளர் பட்டியலையும் வைத்து, ஊர்க்காரர்களிடம் விசாரித்து விசாரித்துத்தான் காணாமல் போனவர்களின் பட்டியலைத் தயாரித்தார்கள்.

இங்கே எங்கள் லயத்துக்கு நாளைக்கு ஒன்று நடந்தால், கடைசிக் காம்பிராவில் பாட்டியோடு யார் யார் படுத்திருந்தார்கள் என்று எந்தத் தாளில் இருக்கிறது? செக்ரோலில் வேலை செய்கிறவர் பெயர் இருக்கும். கொழும்பில் கடையில் நின்றுவிட்டுப் பண்டிகைக்கு வந்த மகன் இருக்க மாட்டான். ஓய்வு பெற்ற கிழவர் இருக்க மாட்டார்.

சங்கம் இந்த விடயத்தை எழுத்தில் கேட்கப் போகிறது. பிரதேச செயலகத்திடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் நாம் வைக்கிற கோரிக்கை மிகச் சாதாரணமானது. லயத்தின் மேல் ட்ரோன் விட முன், யார், எதற்காக, எந்த நாளில் என்று பிரட்டுக்களத்தில் தமிழில் அறிவிக்க வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியைக் கேட்டால் காட்ட வேண்டும். பெண்கள் குளிக்கிற நேரத்தில் பீலிப் பக்கம் பறக்கக் கூடாது. இதை மாதர் அணியினர் முதலாவது கோரிக்கையாக வைக்கச் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மேலிருந்து படம் எடுத்தவர்கள் அடுத்து லயத்துக்குள் வந்து, காம்பிரா காம்பிராவாக நடந்து, குடும்பத்தை எண்ணி, வெடிப்பைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு கூரை என்று எழுதாமல் எத்தனை குடும்பம் என்று எழுத வேண்டும். புருசன் பெயரோடு மனைவி பெயரும் வர வேண்டும். தயாரான படத்தையும் பட்டியலையும் கோயிலடியில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்து, அதற்குப் பிறகே மேலே அனுப்ப வேண்டும். இதில் எதுவும் பணச் செலவுள்ள கோரிக்கை அல்ல. ஒரு நாள் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதில் வராவிட்டால் கையில் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகம், நில அளவைத் திணைக்களம், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கிறவரின் உயிருக்கும் சொந்தச் சுதந்திரத்துக்கும் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. "என் லயம் இருக்கிற சரிவு பற்றிய ஆபத்து அறிக்கை" என்பது உயிர்ச் சம்பந்தம் இல்லையென்றால் வேறெது? அறிக்கையின் முடிவை மட்டும் கேட்காதீர்கள். படத்தையும், அதை எடுத்த திகதியையும், களத்துக்கு வந்தவர் யார், எந்த நாள் வந்தார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். களத்துக்கு யாரும் வரவில்லை என்றால் அந்த வரிக்கு நேரே வெறுமை இருக்கும். அந்த வெறுமையே நமக்கு ஆதாரம்.

அவர்கள் செய்யும் வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதும் இல்லை. ட்ரோன் வாங்க நம் சந்தாப் பணம் போதாது, தேவையும் இல்லை. மலைநாட்டுக்கு ஆண்டவன் கொடுத்த வசதி ஒன்று இருக்கிறது: எந்த லயத்துக்கும் எதிரே ஒரு மலை உண்டு. எதிர்மலையில் ஏறி நின்றால் லயம், பின்பக்கத்து மண்திட்டு, ஓடை, பாதை, காய்கறித் தோட்டம், கோயில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கைப்போன் போதும். ஒரே இடத்தில், ஒரே கல்லில் நின்று எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மழைக்காலத்துக்கு முன் ஒரு படம், மழை முடிந்ததும் ஒரு படம். அடுத்த வருடம் அதே கல்லில் நின்று இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் திட்டு இறங்கியிருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்று பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும். உள்ளே வெடித்த சுவரை எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிக்கோலையோ, அது இல்லாவிட்டால் ஒரு தீப்பெட்டியையோ வைத்து எடுங்கள், வெடிப்பின் அகலம் தெரியும். இந்தப் படங்கள் அளவையாளரின் வரைபடத்துக்கு ஈடாகாது. ஆனால் "பாதிப்பு இல்லை" என்ற மூன்று அங்குல வரிக்கு எதிரே மேசையில் வைக்க நம்மிடம் ஏதோ ஒன்று இருக்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். அந்த ட்ரோன் படத்தைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்தோம். ஒவ்வொரு கூரையையும் காம்பிராவாகப் பிரித்து, அதற்குள் இருக்கிறவர்களை அவரவர் வீட்டுப் பிள்ளை எழுதியது. பின்னக் கணக்கு அன்றைக்கு நன்றாகவே விளங்கியது: ஒரு காம்பிராவில் இரண்டு குடும்பம், ஆளுக்கு அரை. கீழ் லயத்து இடத்தில் எழுத இடம் போதவில்லை. பக்கத்தில் அம்புக்குறி போட்டு, பலகையின் ஓரம் வரை எழுதினோம். பாட்டியின் அடுப்பை அவர் பேரன் சிவப்புச் சோக்கால் வரைந்தான். அதைத் தாளில் பெயர்த்து, லயத்தின் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கியிருக்கிறோம்.

எல்லா டிவிசனிலும் இதைச் செய்ய வேண்டும் என்று தோட்டக் கமிட்டிகளைக் கேட்டுக்கொள்கிறோம். படம் வரையத் தெரிந்த பிள்ளை எல்லா லயத்திலும் இருக்கிறது. எடுக்கிற ஒவ்வொரு படத்தின் பின்னாலும் திகதி, டிவிசன், லய இலக்கம், நின்று எடுத்த இடம் ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதியை உங்கள் தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ கொடுத்து வையுங்கள். இன்னொன்றை லயத்துக்கு வெளியே, சரிவில்லாத இடத்தில் இருக்கிற உறவினர் வீட்டில் வையுங்கள்.